முக்கியக் கதை காத்திருக்கட்டும்: விடுமுறைக்கு ஒரே ஒரு கேம் வாங்குவதென்றால்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு கேள்வி வீடு வீடாகச் சுற்றும்: “ஒரே ஒரு கேம்தான் வாங்க முடியும், எதை வாங்கலாம்?” வாளும் மந்திரமும் அரக்கர்களும் நிறைந்த சாகச கேம்கள்தான் இங்கே பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பிடித்தவை. விலை கொஞ்சமில்லை. அப்பா செம்பனை ஆலையிலும் அம்மா ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் வீட்டில் யோசித்துத்தான் அந்தச் செலவைச் செய்ய வேண்டும். ஆனால் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டே விஷயம்தான் கேட்கிறார்கள்: எத்தனை மணி நேரம் ஓடும், எத்தனை சைடு குவெஸ்ட், அதாவது முக்கியக் கதைக்கு வெளியே வரும் கிளைப்பணி, இருக்கிறது.

நான் பார்ப்பது வேறு. முக்கியக் கதையை விட்டு விலகிப்போய் நாம் செய்த ஒரு வேலையால் அந்த உலகத்தில் யாருடைய வாழ்க்கையாவது மாறியதா? தேடிக் கண்டுபிடித்த ஒரு ரகசியத்தை மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லத் தோன்றியதா? இந்த இரண்டும் இருக்கும் கேமில் முப்பது கிளைப்பணி இருந்தாலே போதும். இல்லாத கேமில் முந்நூறு இருந்தாலும் பிள்ளைகள் இரண்டாம் வாரத்திலேயே கொட்டாவி விடுவார்கள்.

ரகசியம் என்பது ஆரம்பத்திலிருந்தே வாய்வழியாகப் பரவும் செய்தியாகத்தான் இருந்திருக்கிறது. 1980 வாக்கில் அட்டாரி வெளியிட்ட ‘அட்வென்ச்சர்’ என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். கேமை வடிவமைத்தவர்களின் பெயரை அந்த நிறுவனம் அப்போது வெளியே சொல்வதில்லை. அதை உருவாக்கிய வாரன் ராபினெட் ஒரு ரகசிய அறையைக் கட்டி, உள்ளே தன் பெயரை எழுதி வைத்தார். அந்த அறைக்குப் போக, பின்னணியின் நிறத்திலேயே இருக்கும் ஒரே ஒரு புள்ளியைத் தேடி எடுத்துக்கொண்டு வர வேண்டும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. விளையாடிய ஒரு சிறுவன் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பிறகுதான் நிறுவனத்துக்கே தெரிந்தது. 1986இல் வந்த நின்டெண்டோவின் முதல் ஸெல்டா கேமிலும் எந்தச் சுவரில் குண்டு வைத்தால் திறக்கும், எந்தப் புதரைக் கொளுத்தினால் படிக்கட்டு தெரியும் என்பதற்குப் பெரும்பாலும் எந்த அடையாளமும் கிடையாது. ஒருவர் கண்டுபிடித்து இன்னொருவரிடம் சொன்னால்தான் உண்டு. நாற்பது ஆண்டு கழித்தும் நல்ல ரகசியம் அப்படித்தான் வேலை செய்கிறது.

அப்புறம் நம் வீடுகளின் நிலைமை. டிவி ஒன்று, அதற்கு ஆள் நான்கு. நான் தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். தம்பி மகன் படிவம் இரண்டு, மகள் ஐந்தாம் ஆண்டு, நானும் வேலை முடிந்து வந்து விளையாடுபவள். மாலையில் பேராக்கின் இடிமழை பிடித்துக்கொண்டால் “பிளக்கைப் பிடுங்கு” என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார். அப்போது சேவ் செய்ய முடிகிறதா, செய்யாமல் விட்டால் எவ்வளவு போகும் என்பதெல்லாம் பெரிய விஷயம். நான் இங்கே ஒப்பிடும் கேம்கள் எதிலும் தமிழ் கிடையாது. ஆகவே எவ்வளவு ஆங்கிலம் படிக்க வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். நன்றாக எழுதப்பட்ட கேம் என்று பேர் வாங்கியது பத்து வயதுப் பிள்ளைக்கு வெறும் எழுத்துக் குவியலாகத் தெரியலாம்.

நல்ல கிளைப்பணி என்றால் பெரியவர்கள் முதலில் சொல்லும் பெயர் தி விட்ச்சர் 3. போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் 2015 மே மாதம் வெளியிட்டது. கதாநாயகன் கெரால்ட் கூலிக்குப் பேய் பிசாசுகளை வேட்டையாடுபவர். ஊருக்கு ஊர் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துவிட்டு, ஆளைப் போய்ப் பார்த்துக் கூலி பேசி, தடயம் தேட வேண்டும். முதல் பகுதியிலேயே ஒரு கிணற்றடிப் பேய் வேலை வரும். ஆளில்லாத ஒரு குடியிருப்பின் கிணற்றை உச்சி வெயில் நேரத்தில் ஒரு பெண்ணின் ஆவி சுற்றுகிறது. ஒரு தகப்பனின் மகள் நோயில் கிடக்கிறாள். அவருக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர் வேண்டும். வாளை உருவிக்கொண்டு போனால் மட்டும் பேய் அடங்காது. அவள் யார், எப்படிச் செத்தாள், எலும்பு எங்கே, அவளுடைய கைவளை எங்கே என்று தேடி, இரண்டையும் சேர்த்து எரித்தால்தான் போவாள். எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு உச்சி வேளையில் கிணற்றடிக்குப் போகாதே என்று யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. போலந்துக்காரர்களும் அதே நேரத்தைப் பேய்க்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தபோது எனக்கு மயிர் சிலிர்த்தது.

இதே பகுதியில் ஒரு பாட்டி தன் வாணலியை மீட்டுத்தரச் சொல்வார். வெளியூர்க்காரன் ஒருவன் வாங்கிக்கொண்டு போய் வீட்டைப் பூட்டிக்கொண்டான். போர் நடந்து முடிந்த ஊரில் ஒரு கிழவிக்குத் தன் வாணலிதான் கவலை. எவ்வளவு சின்ன வேலை! ஆனால் அந்த ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது. பின்னால் ஒரு சதுப்பு நிலப் பகுதியில், ஒரு மரத்தடியில் கட்டுண்டு கிடக்கும் ஆவியை விடுவிப்பதா கொல்வதா என்று ஒரு முடிவு வரும். எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்கிறார். நீங்கள் விளையாடப் போவதால் அதற்குமேல் சொல்லவில்லை.

இந்த கேமின் இன்னொரு நல்ல குணம், இடையில் பத்து நாள் தொடாமல் விட்டாலும் தொலைந்துபோக மாட்டோம். எந்தப் பணி எங்கே நிற்கிறது என்பதைக் குறிப்பேடு ஒரு பாணனின் குரலில் சொல்கிறது. திறக்கும்போதே இதுவரை நடந்த கதையும் வந்துவிடுகிறது. சண்டைக்கு நடுவே இல்லையென்றால் பெரும்பாலும் நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம். இரவு ஷிப்ட் பகல் ஷிப்ட் என்று மாறி மாறிப் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

குறை இல்லாமல் இல்லை. ஸ்கெலிகே தீவுகளைச் சுற்றிக் கடலெங்கும் கேள்விக்குறிகள் மிதக்கும். படகை ஓட்டிக்கொண்டு போனால் அநேகமாகக் கடத்தல்காரர்கள் மறைத்த சரக்குதான் கிடைக்கும். ஒன்று பார்த்தால் எல்லாம் பார்த்த மாதிரி. அதை எல்லாம் முடித்தே தீர வேண்டும் என்று உட்கார்ந்து அலுத்து, மொத்த கேமையும் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அந்தக் கடலை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பணிக்கும் எந்த நிலையில் செய்வது நல்லது என்று ஓர் எண் போட்டிருக்கும். உங்கள் நிலை அதைவிட ஆறு கூடிவிட்டால் அனுபவப் புள்ளி ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. சில பணிகள் முக்கியக் கதை ஒரு கட்டத்தைத் தாண்டியதும் தோல்வி என்று மூடிவிடும். மூடுபனித் தீவுக்குக் கப்பல் ஏறும் முன் குறிப்பேட்டை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கேம். கூடத்து டிவியில் பிள்ளைகள் முன்னால் போடும் சமாச்சாரம் அல்ல. எங்கள் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் கெரால்ட் வெளியே வருவார்.

இதற்கு நேர் எதிர் எல்டன் ரிங். 2022 பிப்ரவரி 25 அன்று ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் வெளியிட்டது. இதில் பணிக் குறிப்பேடே கிடையாது. ஒருவர் உங்களிடம் ஏதோ சொல்வார், அவ்வளவுதான். அவர் அடுத்து எங்கே போவார், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. வெளிவந்து மூன்று வாரத்தில் வந்த 1.03 திருத்தத்தில்தான், சந்தித்த மனிதர்கள் இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டினார்கள்.

சரி, இதில் என்ன சுகம்? மிஸ்ட்வுட் என்ற காட்டில் போகும்போது எங்கிருந்தோ ஓர் ஓநாயின் ஊளை கேட்கும். யார் ஊளையிடுகிறார்கள் என்று தெரியாது. ஆரம்பத்தில் பார்த்த வியாபாரியிடம் திரும்பப் போய்க் கேட்டால், விரலைச் சொடுக்கும் ஒரு சைகையைச் சொல்லித்தருவார். அந்த இடத்துக்குப் போய்ச் சொடுக்கினால் பிளைட் என்ற ஓநாய் மனிதன் மேலிருந்து குதிப்பான். அதே காட்டில் ஒரு பாழடைந்த மண்டபத்துக்குள் மின்தூக்கி ஒன்று இருக்கிறது. ஏறி நின்றால் இறங்குகிறது, இறங்குகிறது, இன்னும் இறங்குகிறது. கதவு திறந்ததும் பூமிக்கு அடியில் ஓர் ஆறும் மேலே நட்சத்திரங்கள் நிறைந்த வானமும். யாரும் அங்கே போகச் சொல்லவில்லை. போகாமலேயே கேமை முடித்துவிடலாம். அந்த வானத்தைப் பார்த்தபோது, அதை நானே கண்டுபிடித்தேன் என்ற பெருமை எனக்கு ஒரு வாரம் இருந்தது.

போக் என்ற சின்ன ஜீவனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆரம்பப் பகுதியான லிம்கிரேவில் நடக்கும்போது, யாராவது இருக்கிறீர்களா என்று ஒரு குரல் கேட்கும். சுற்றிப் பார்த்தால் ஆள் இல்லை. எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த பக்கத்து வீட்டுப் பையன் என்னிடம் வந்து, “அக்கா, ஒரு செடி பேசுது!” என்றான். அந்தச் செடியை ஓர் அடி அடித்தால் போக் உருவம் மீண்டு வருவான். தன் இனத்தாரே விரட்டிவிட்ட தையல்காரன். தாயின் ஊசி அவனுக்கு உயிர். பின்னால் அவன், தான் அசிங்கமாக இருப்பதாக மருகி, வேறு உருவத்தில் பிறக்க ஆசைப்படுவான். அவன் கேட்டதைக் கொடுத்தால் அவனை இழந்துவிடுவோம். வேறெங்கோ தொலைவில் கிடைக்கும் ஒரு பேசும் பொம்மைத்தலை, “நீ அழகு” என்று சொல்லும்; அதை அவன் முன்னால் பேசவிட்டால், அம்மாவின் குரலைக் கேட்டதுபோல் நெகிழ்ந்து, அப்படியே இருந்துவிடுவான். இதற்கு எந்தப் பட்டியலிலும் ஒரு டிக் விழாது. ஒரு மனதைத் தேற்றியதுதான் பலன். இந்த வகைக் கேம்களில் நான் பார்த்த மிக அழகான கிளைப்பணிகளில் இது ஒன்று.

எஸ்பிஎம் முடித்த அந்தப் பையனும் அவன் கூட்டாளிகள் இருவரும் ஒரே சமயத்தில் இதை விளையாடினார்கள். ஒருவன் மாயச் சுவர் எங்கே என்று கண்டுபிடிப்பான். பார்க்க நிஜச் சுவர், அடித்தால் மறைந்துவிடும். இன்னொருவன் ரானி என்ற நீலச் சூனியக்காரியின் வேலையைத் தொடர்ந்துகொண்டே போவான். ராடான் என்ற மாவீரனை வீழ்த்தியதும் வானிலிருந்து ஒரு நட்சத்திரம் விழுந்து நிலத்தில் பெரும் பள்ளம் விழும், அதன் வழியே இறங்கினால் மறைந்த நகரம் ஒன்று இருக்கிறது, அவள் வேலையை முடித்தால் கேமின் முடிவே வேறு மாதிரி ஆகும் என்பதையெல்லாம் மூன்று பேரும் சேர்ந்துதான் கோத்தார்கள். ராத்திரி மாமாக் என்ற இந்திய முஸ்லிம் உணவுக் கடையில் தே தாரிக் தேநீரை வைத்துக்கொண்டு ஒரு பள்ளி நோட்டில் வரைபடம் போட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நோட்டு இல்லையென்றால் இந்த கேமில் பாதி இல்லை.

அதனால்தான் தனியாக விளையாடுகிறவருக்கு இதைச் சொல்லத் தயங்குகிறேன். முக்கியக் கதையில் ஓர் அடி எடுத்து வைத்தால் எங்கோ ஒருவரின் கதை சத்தமில்லாமல் அறுந்துபோகலாம், உங்களுக்கு அது தெரியவே தெரியாது. சேவ் தானாக நடந்துகொண்டே இருக்கும். மின்சாரம் போனால் பெரிதாக ஒன்றும் போகாது, ஆனால் செய்த முடிவைத் திருப்பவும் முடியாது. சாதாரணமாக நிறுத்தி வைக்க ஒரு பாஸ் பட்டனும் இல்லை. அம்மா கூப்பிட்டால் பாதுகாப்பான இடத்துக்கு ஓடிப்போய் நின்றுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். எதிரிகள் கடுமையானவர்கள். 2024 ஜூனில் வந்த விரிவுப் பகுதிக்குள் நுழையவே மோக் என்ற எதிரியை வீழ்த்தியிருக்க வேண்டும். அவன் இருப்பதோ முக்கியக் கதை கண்ணில் காட்டாத ஒரு மறைவிடத்தில். காசு கொடுத்து வாங்கிவிட்டு வாசல் எங்கே என்று தேடியவர்கள் உண்டு.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு என்று கேட்டால், நின்டெண்டோ சுவிட்ச் வைத்திருப்பவர்களிடம் நான் தயங்காமல் சொல்வது 2017இல் வந்த ஸெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட். முதலில் வீட்டுக் கணக்கு. சுவிட்ச் கையில் பிடித்து ஆடும் கருவி; இடி இடித்தாலும் பேட்டரியில் ஓடும், டிவி சீரியலுக்குப் போய்விட்டாலும் ஓடும். ஒரு கருவியில் 8 பேர் வரை தனித்தனிக் கணக்கு வைக்கலாம். ஒவ்வொருவருக்கும் தனி சேவ். ஒரே கார்ட்ரிட்ஜில் அண்ணனும் தங்கையும் அத்தையும் ஆளுக்கொரு பயணம் போகிறோம். யாரும் யாருடைய கேமையும் அழித்துவிட்டதாக அழுகை இல்லை.

இதிலுள்ள ரகசியங்களுக்கு ஆங்கிலம் அதிகம் வேண்டாம், கண் இருந்தால் போதும். வட்டமாக அடுக்கிய கற்களில் ஒன்று குறைகிறதா? மலை உச்சியில் தனியாக ஒரு கல் கிடக்கிறதா? குறையும் இடத்தில் ஒரு கல்லை வையுங்கள், தனிக் கல்லைத் தூக்கிப் பாருங்கள், கொரோக் என்ற இலைமுகக் குட்டிப் பூதம் ஒன்று சிரித்துக்கொண்டு வெளியே வந்து ஒரு விதை கொடுக்கும். இப்படி 900 இருக்கின்றன. பைகளை முழுக்கப் பெரிதாக்க 441 போதும். 900ஐயும் முடித்தால் கிடைப்பது விளையாட்டான ஒரு பரிசு. பலத்துக்கு ஒரு பயனும் இல்லை. எல்லாவற்றையும் பொறுக்க வேண்டாம், வழியில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள் என்று உருவாக்கியவர்களே சொல்வதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். பெற்றோர் இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

எழுத்தில் உள்ள கிளைப்பணிகளை விட்ச்சரோடு ஒப்பிட முடியாது. பாதிக்கு மேல் ‘இத்தனை பூச்சி பிடித்துவா, அத்தனை காளான் கொண்டுவா’ ரகம். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒன்று இருக்கிறது, அதற்காகவே இந்த கேமை வாங்கலாம். ஹடேனோ கிராமத்தில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருக்கும் கட்டட ஆட்களிடமிருந்து வீட்டை வாங்கினால், அவர்களில் ஹட்சன் என்ற ஒருவர் அக்காலா பகுதிக்குப் போய், வெறும் நிலத்தில் புதிய ஊர் கட்டத் தொடங்குவார். நீங்கள் விறகு வெட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், ஆள் கேட்டால் தேடி அனுப்ப வேண்டும். அந்தக் கம்பெனியில் சேர ஒரே விதி, பெயர் ‘சன்’ என்று முடிய வேண்டும். எரிமலையிலிருந்து ஒரு கோரோன், பாலைவனத்திலிருந்து ஒரு கெருடோ தையல்காரி, பறவை மனிதர்களின் கிராமத்திலிருந்து ஒரு ரீட்டோ, நீர்நகரத்திலிருந்து ஒரு சோரா என்று ஒவ்வொரு இனத்திலும் ஓர் ஆளைத் தேடிப் பிடித்து அனுப்புகிறோம். ஒவ்வொருவர் வந்ததும் ஒரு வீடு, ஒரு கடை எழும்பும். கடைசியில் ஹட்சனுக்கும் அந்தத் தையல்காரிக்கும் கல்யாணம்.

தோட்டம் கைமாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை விட்டுவிட்டு மூட்டை முடிச்சோடு தாமானுக்கு வந்த குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய. ஓர் ஊர் கலைவதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஒரு கேமில் என் கையால் விறகு வெட்டி, ஒவ்வோர் ஆளாகச் சேர்த்து, ஓர் ஊரை எழுப்பியபோது நான் உண்மையிலேயே கண் கலங்கினேன். தம்பி மகள் அந்தக் கல்யாணத்துக்காகக் கதாநாயகன் லிங்குக்கு நல்ல உடுப்பு தேடிப் போட்டுவிட்டாள். அந்தப் பணியை முடிக்காவிட்டாலும் ராஜ்யத்தைக் காப்பாற்றலாம். ஆனால் யாருக்காகக் காப்பாற்றுகிறோம் என்பது அங்கேதான் தெரிகிறது.

இன்னொரு விஷயத்தையும் பார்க்கச் சொல்வேன்: முக்கியக் கதை உங்களைத் தாராளமாக அலையவிடுகிறதா? விட்ச்சரில் வளர்ப்பு மகளை ஒரு கொடிய படை துரத்துகிறது, நேரமில்லை என்று எல்லோரும் பதறுகிறார்கள். கெரால்ட்டோ வழியில் சத்திரத்தில் சீட்டாடிக்கொண்டிருப்பார். நன்றாக எழுதப்பட்ட கேமில் இது எனக்கு உறுத்தும். பிரெத் ஆஃப் தி வைல்டில் லிங்க் நூறு ஆண்டு தூங்கி, நினைவெல்லாம் இழந்து எழுந்தவன். அவன் சுற்றித் திரிந்தால்தான் யார் யார் என்று தெரியும். ஆகவே அலைவதே கதைக்குப் பொருந்துகிறது. விரும்பினால் ஆரம்ப மேட்டுநிலத்தை விட்டு இறங்கியதும் நேராகக் கடைசி எதிரியிடமே போகலாம். தயாராகாமல் போனால் என்ன ஆகும் என்பது வேறு.

இந்தச் சிக்கலை மிக நன்றாகத் தீர்த்தது இதே வரிசையில் 2000இல் வந்த மஜோராஸ் மாஸ்க். மூன்று நாளில் நிலவு ஊர்மேல் விழப்போகிறது. ஊர் மக்கள் ஒவ்வொருவரும் அந்த மூன்று நாளும் தங்கள் நேரப்படி நடக்கிறார்கள், அழுகிறார்கள், காத்திருக்கிறார்கள். கல்யாணம் நிச்சயமான அஞ்சுவும் காணாமல் போன காஃபேயும் சேர, நீங்கள் சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருக்க வேண்டும். அங்கே கிளைப்பணிதான் உயிர். பழைய கேம், படம் மங்கலாக இருக்கும், ஆனால் சுவிட்சில் இணையச் சந்தாவின் விரிவுத் திட்டம் வைத்திருப்பவர்கள் தனியாக வாங்காமலேயே விளையாடலாம்.

கன்சோலே இல்லாத வீடுகளும் இருக்கின்றன. பிள்ளையின் படிப்புக்கு வாங்கிய மடிக்கணினி ஒன்றுதான் என்றால் ஹாலோ நைட். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டீம் செர்ரி என்ற சின்னஞ்சிறு குழு செய்தது, 2017இல் கணினிக்கு வந்தது. 9 ஜிபி இடம் போதும், பழைய கணினியிலும் ஓடும், அறிவித்த விலையே 15 அமெரிக்க டாலர்தான். பூச்சிகளின் பாதாள ராஜ்யம். புதிய பகுதியில் வரைபடம் கிடையாது. தரையில் சிதறிய தாள்களையும் ஒரு முணுமுணுப்புப் பாட்டையும் பின்தொடர்ந்தால் கோர்னிஃபர் என்ற வரைபடக்காரர் உட்கார்ந்திருப்பார், அவரிடம் வாங்க வேண்டும். ஒரு பெண் உங்களிடம் ஒரு மலரைக் கொடுத்து, தொலைவில் ஒரு கல்லறையில் வைக்கச் சொல்வாள். வழியில் ஓர் அடி பட்டாலும் மலர் உதிர்ந்துவிடும், விரைவு வண்டியிலும் ஏறக்கூடாது. வாளை மறந்து, மெதுவாக, பயந்து பயந்து நடக்கும் அந்த வழி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. கடினம் என்பதால் பொறுமையில்லாத பிள்ளைக்கு வேண்டாம். மின்சாரம் போனால் கேம் சேவ் ஆகும் இடமான பெஞ்சுகளில் கடைசியாக உட்கார்ந்ததிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும், மடிக்கணினிக்குப் பேட்டரி நன்றாக இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் கென்ஷின் இம்பாக்ட்டைப் பலரும் கேட்கிறார்கள். சுமேரு பகுதியில் பிள்ளைகள் கண்ணுக்கு மட்டும் தெரியும் அரணாரா என்ற வனக் குட்டிகளோடு போகும் நீண்ட கிளைக்கதை உண்மையிலேயே அழகு. ஆனால் புதுப் பாத்திரங்களைக் குலுக்கல் முறையில் பெற வைத்து, அங்கே காசு செலவழிக்கத் தூண்டும் ஏற்பாடு அது. கணக்கில் வங்கி அட்டையை இணைக்காமல் கொடுங்கள், கதையை மட்டும் விளையாடச் சொல்லுங்கள். இடமும் நிறைய பிடிக்கும். பழைய கைப்பேசி தாங்காது.

யூடியூப் பார்த்து விளையாடலாமா என்று கேட்பார்கள். விட்ச்சருக்குத் தேவையே இல்லை. ஸெல்டாவுக்கும் ஹாலோ நைட்டுக்கும் இரண்டு நாள் மாட்டிக்கொண்ட பிறகு, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் பாருங்கள். எல்டன் ரிங்கில் ஒரு மனிதரின் கதை அறுந்துவிடுமோ என்ற பயம் இருந்தால், அடுத்து அவர் எங்கே போவார் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். எல்லா ரகசியங்களும் அரை மணி நேரத்தில் என்று தலைப்புப் போட்ட காணொளியைப் பிள்ளைகள் கண்ணில் காட்டாதீர்கள். வாங்கிய கேமின் பாதி மதிப்பு அதில் போய்விடும்.

ஆக, ஷிப்ட் வேலைக்குப் போய் வந்து இரவில் தனியே உட்காரும் பெரியவர் விட்ச்சர் 3 வாங்கலாம். இரண்டு விரிவுப் பகுதிகளும் சேர்ந்த முழுப் பதிப்பு தள்ளுபடியில் அடிக்கடி மலிவாகக் கிடைக்கிறது, அதற்குக் காத்திருங்கள். பதின்ம வயதைத் தாண்டும் மூன்று நான்கு கூட்டாளிகள் என்றால் எல்டன் ரிங். பிள்ளைகளோடு சுவிட்ச் இருக்கும் வீட்டுக்கு பிரெத் ஆஃப் தி வைல்ட். விலை அவ்வளவாக இறங்காது, ஆகவே பழைய கார்ட்ரிட்ஜ் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், விளையாடி முடித்தாலும் விற்கலாம். மடிக்கணினி மட்டும் என்றால் ஹாலோ நைட்.

இந்த ஊரில் எல்லோரும் செய்யும் ஒரு சிக்கனத்தை மட்டும் இந்த ஒரு விஷயத்தில் வேண்டாம் என்பேன். பக்கத்து வீட்டில் ஒரு கேம் வாங்கினால் நாம் வேறொன்று வாங்கி, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பேசி வைத்துக்கொள்வோம். ரகசியங்கள் நிறைந்த கேமுக்கு அது சரிவராது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஸெல்டா வாங்கினால் நீங்களும் ஸெல்டாவே வாங்குங்கள், விடுமுறையின் முதல் நாளே இருவரும் தொடங்கட்டும். ஒருவன் கண்ட குகையை மற்றவன் இன்னும் காணாமல் இருக்கும் அந்த மூன்று வாரத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.